ராசம்மாவின் கோலப் பெட்டி

கந்தப்பன் பண்டாரவளை பஸ்ஸில் ஏறியபோது அவர் கையிலிருந்த மூட்டையைப் பார்த்துக் கண்டக்டர் டிக்கட் கிழிக்கிற கையை நிறுத்திவிட்டான். பழைய போர்வையால் சுற்றி, அதற்கு மேல் கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கு ஒன்றைப் போர்த்தி, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டிருந்தார். பின்னால் வைக்கலாம் என்றார்கள், மறுத்துவிட்டார். மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு அதைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னாங்க ஐயா, உள்ள கொழந்தையா?" என்று கேட்டான் கண்டக்டர்.

"கம்பியூட்டர். கொஞ்சம் சொகமில்ல" என்றார் கந்தப்பன்.

பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. 2007ஆம் ஆண்டு மாசி மாதம் அது. மழை விட்டு மலையெல்லாம் பளிச்சென்று இருந்தது. அவருக்கு எதையும் பார்க்கிற மனநிலை இல்லை.

ஊத்துமலைத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் செக்ரோல் எழுதியவர் கந்தப்பன். யார் எந்த நாள் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ கொழுந்து பறித்தார் என்று பேர் பேராக எழுதி வைக்கிற வேலை. அந்த வேலையில் நாள்பட இருந்தவருக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொள்ளும்: எதையும் வீச மனம் வராது. கம்பி முறிந்த குடை, எரியாத டோர்ச் லைட், மகள் விதுஷா பாலர் வகுப்பில் போட்ட சப்பாத்து ஒற்றை, எல்லாம் அவர் வீட்டில் பத்திரமாக இருந்தன. ராசம்மா ஒருத்திதான் இல்லை.

போன சித்திரையில் புத்தாண்டு கழிந்து சில நாளில், நெஞ்சை அடைக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தாள். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. முப்பத்துச் சொச்ச வருடம் கூட வாழ்ந்தவளின் படம் என்று தேடினால், அடையாள அட்டைக்காக எடுத்தது ஒன்று இருந்தது. அதில் அவள் யாரோ அதட்டின மாதிரி முழிப்பாள். இன்னொன்று மகளின் கல்யாணத்தில் எடுத்தது, அதில் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி முகம் தெரியும். ஆனால் மடியிலிருந்த மூட்டைக்குள் அவளுடைய கைவேலை முழுதும் இருக்கிறது என்று கந்தப்பன் நம்பினார். கடைசி ஐந்து வருடமும் விடியற்காலையில் அவள் போட்ட கோலங்கள் அத்தனையும் அந்தக் கம்பியூட்டருக்குள் இருந்தன. வருகிற சித்திரையில் ஆண்டுத் திவசம் வருகிறது. அதற்குள் அதை எழுப்பி, அந்தக் கோலங்களை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசை இல்லை.

கம்பியூட்டரில் கோலமா என்று கேட்கிறவர்களுக்கு அது தோட்டத்துக்கு வந்த கதையிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

1998ன் கடைசியில் கொழும்பிலிருந்து லொறியில் வந்தது. ஆபீஸ் முழுக்கக் கூடிவிட்டது. புது மெஷின் வந்தால் பூசை போடாமல் தொடுகிற வழக்கம் தோட்டத்தில் கிடையாது, அது தேயிலை அரைக்கிற ரோலராக இருந்தாலும் சரி, லொறியாக இருந்தாலும் சரி. தேங்காய் உடைத்தாயிற்று, சாம்பிராணி போட்டாயிற்று. சந்தனப் பொட்டை எங்கே வைப்பது என்பதில்தான் தகராறு வந்தது. கண்ணாடியில் வைக்கப் போனவரைக் கொழும்பிலிருந்து வந்த பையன் கையைப் பிடித்துத் தடுத்தான். பின்னாலிருக்கிற ஓட்டையில் வைக்கப் போனவரைப் பார்த்து அலறியே விட்டான். கடைசியில் மௌஸுக்கு வைத்தார்கள். ஒரு வாரம் வரைக்கும் அதைத் தொட்டவர்கள் எல்லாருடைய உள்ளங்கையும் மணத்தது.

அப்போது கந்தப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. முதல் ஒரு வருடம் அவர் அதை நம்பவே இல்லை. புத்தகத்திலும் எழுதுவார், பெட்டியிலும் தட்டுவார், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். பிறகு கட்சி மாறிவிட்டார். ஆபீஸ் பின்னறையில் வெள்ளைக்காரர் காலத்துப் புத்தகங்கள்கூட அலமாரியில் கிடந்தன. அந்த அறைக்குள் போனது எதுவும் தொலைந்ததாகச் சரித்திரம் இல்லை. இந்தப் பெட்டியும் அதே ஜாதிதான், உள்ளே போனது எதுவும் வெளியே போகாது என்று முடிவு கட்டிக்கொண்டார். அந்த முடிவை யாரும் அவரிடம் சரிபார்க்கவில்லை. தோட்டத்தில் கம்பியூட்டர் பற்றிச் சந்தேகம் வந்தால் எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள், அவர் யாரிடம் போவார்?

2001ல் ஓய்வு பெற்றார். அந்தச் சமயம் ஆபீஸுக்குப் புது மெஷின் வந்திருந்தது. மற்றவர்களுக்குப் பிரியாவிடையில் சுவர்க்கடிகாரம் கொடுத்த, தோட்டத்தை நடத்துகிற துரை, கந்தப்பனுக்கு மட்டும் அந்தப் பழைய கம்பியூட்டரையே கொடுத்தார். குவார்ட்டர்ஸை விட்டு, எல்ல ஊருக்குப் போகிற பாதையில் கட்டியிருந்த சின்ன வீட்டுக்குக் குடிபோனபோது சாமி படத்துக்கு அடுத்து உள்ளே போனது அதுதான்.

அந்த வீட்டில் ராசம்மாவுக்குப் பிடித்தது வாசல். அகலமான சிமெந்து வாசல், நல்ல வழவழப்பு. பிடித்து என்ன செய்ய? கிளாக்கர் வீட்டு அம்மா ஆவதற்கு முன்னும் பின்னும் கூடை சுமந்து மலை ஏறினவள் அவள், முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. குந்தி உட்கார முடியாது. விதுஷா இருந்தவரைக்கும் அவள் கோலம் போட்டாள், கொழும்பில் வேலை கிடைத்துப் போன பிறகு ராசம்மா நின்றபடியே நாலு புள்ளி தூவிவிட்டு, அதைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே வருவாள். அந்த முகச்சுளிப்பைக் கந்தப்பன் தினமும் பார்த்தார்.

ஒரு நாள் அவர் பொழுது போகாமல் படம் வரைகிற புரோகிராமைத் திறந்து மௌஸை இழுத்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி கொண்டு வந்தவள் நின்றுவிட்டாள்.

"என்னாங்க இது, கோடு போகுது?"

"படம் கீறுறதுக்கு. சின்னப் புள்ளைங்க வெளாட்டு."

"புள்ளி வைக்கலாமா?"

"வைக்கலாம்."

"அப்ப நகருங்க" என்றாள்.

அன்று நகர்ந்த கந்தப்பனுக்குக் காலை நேரத்தில் அந்த நாற்காலி திரும்பக் கிடைக்கவே இல்லை.

முதல் கிழமை புள்ளிகள் எல்லாம் திசைக்கொன்றாக ஓடின. அவளுக்கு மௌஸ் மேல் கோபம் வந்து அதைத் தட்டினாள், திட்டினாள், ஒரு முறை நன்றாகத் துடைத்துக்கூடப் பார்த்தாள். பிறகு கை வழிக்கு வந்தது. தினமும் விடிந்ததும் கந்தப்பன் பெட்டியை ஏற்றிக் கொடுப்பார். அவள் முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். முதல் வேலை, நேற்றைய கோலத்தைப் பெருக்குவது. அழிக்கிற சின்னக் கட்டத்தை எடுத்து இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று விளக்குமாறு போடுகிற மாதிரியே இழுப்பாள். எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் அழிக்கலாம் என்று கந்தப்பன் காட்டினார்.

"அது வாசல் கூட்டின மாதிரி இல்லியே" என்று ஒதுக்கிவிட்டாள்.

பிறகு புள்ளி, பிறகு இழை. முடிந்ததும் எந்த இடத்தில் அமுக்கிச் சேமிக்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்திருந்தார். அதில் அவர் கண்டிப்பு. அமுக்காவிட்டால் போய்விடும், அமுக்கிவிட்டால் சாகும்வரைக்கும் இருக்கும் என்று ஆபீஸ் குரலில் சொல்வார். அவளும் ஒரு நாள் தவறாமல் அமுக்கினாள்.

நல்ல நாள் பெருநாள் என்றால் கோலம் திரைக்குள் அடங்காது. படத்தைப் பக்கத்துக்கு நகர்த்தி நகர்த்திப் போடுவாள். பொங்கலுக்குப் பானை, கரும்பு. தீபாவளிக்கு விளக்கு. விதுஷாவின் கல்யாணத்துக்கு முதல் நாள் மயில் போட்டாள். தோகை விரித்து முடிய மத்தியானமாகிவிட்டது, அடுப்பில் சோறு அடிப்பிடித்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் பார்க்க வந்தார்கள். மௌஸ் பிடித்த கையோடு அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாளே, அந்தச் சிரிப்பைப் பிடிக்க ஒருவரிடமும் கமரா இருக்கவில்லை.

ஒரு நாள் பெருக்கிக்கொண்டே கேட்டாள்: "நேத்துப் போட்டதெல்லாம் எங்கங்க போகுது?"

"எங்கயும் போகாது. எல்லாம் உள்ளுக்குப் பத்திரமா இருக்கு."

அவள் சிரித்தாள். "பத்திரமா வைக்கவா கோலம் போடுறோம்?"

கந்தப்பன் அதை ஒரு பேச்சாக எடுக்கவில்லை. பத்திரிகையில் மூழ்கிவிட்டார்.

அவள் போன பிறகு அவர் கம்பியூட்டரைத் தொடவில்லை. பொலித்தீன் சுற்றி, அவள் தோட்டத்தில் கட்டின படங்கை அதன் மேல் போர்த்தினார். சாவு நடந்த வீடு, ஒரு வருடம் வாசலில் கோலம் கிடையாது, தீபாவளி கிடையாது, பொங்கலும் கிடையாது. தைப் பொங்கலன்று ஊரெல்லாம் பால் பொங்கிற்று. அவர் வீட்டு அடுப்பில் பழைய கறி சூடானது. மனசு கேட்கவில்லை. போன வருடத்துப் பொங்கல் கோலத்தையாவது பார்ப்போம் என்று படங்கை நீக்கி, சுவிட்சைப் போட்டார். பெட்டி முனகியது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதோ ஒன்று காணவில்லை என்று ஆங்கிலத்தில் அறிவித்தது, அப்படியே நின்றுவிட்டது. மலைநாட்டுப் பனிக்குப் பொலித்தீன் சுற்றினால் ஈரம் உள்ளேயே குடியிருக்கும் என்பது அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது. பத்திரப்படுத்தப் போய்க் கெடுத்துவிட்டார்.

ஜுனைதீனின் கடை பண்டாரவளை ஸ்டேஷனுக்குக் கீழே இருந்தது. வாப்பா காலத்தில் ரேடியோ திருத்துகிற கடை, மகன் காலத்தில் கம்பியூட்டர். ஜுனைதீனுக்கு நாற்பது வயதிருக்கும். வாய் ஓயாது, கையும் ஓயாது. தோட்டத்து ஆபீஸ் மெஷின்களைப் பார்க்க வந்து போனதில் கந்தப்பனை நன்றாகத் தெரியும்.

"கிளாக்கர் ஐயா, இது சின்ன வேலை. ஃபோமட் பண்ணி, புதுசா போட்டா ஓடும்."

"ஃபோமட் பண்ணினா உள்ள இருக்கிறது?"

"அது போயிடும். அதுக்குத்தானே ஃபோமட்."

கந்தப்பன் கயிற்றை எடுத்துத் திரும்பவும் மூட்டையைக் கட்ட ஆரம்பித்தார். ஜுனைதீன் பதறிப்போய்க் கையைப் பிடித்தான். விஷயம் என்னவென்று கேட்டான். கந்தப்பன் சொன்னார். அவன் பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தான்.

"அப்ப டிஸ்கைக் கழட்டி என்ட மெஷின்ல கொழுவி, இருக்கிறத எடுத்துத் தாரேன். அஞ்சு நிமிஷ வேலை."

"வேணாம் தம்பி. அவ ஒக்காந்து போட்டது இந்தப் பெட்டியில. இதுலதான் பாக்கணும். இது எந்திரிக்கணும்."

அவர் பிடிவாதம் பிடித்துவிட்டால் துரைமாரே வழிவிட்டுப் போனவர்கள். ஜுனைதீன் பெருமூச்சு விட்டுவிட்டு, அவருக்குப் புரிகிற பாஷையில் சொன்னான்.

"உள்ள ஒரு கணக்கப்பிள்ளை இருக்கிறார்னு வைங்க. யாரு எங்க போகணும், எத எங்க வைக்கணும்னு சொல்ற ஆள். உங்கட ஆள் வின்டோஸ் தொண்ணூத்தெட்டு, அவர் படுத்திட்டார். புது ஆள் போடணும். ஆனா இப்ப வர்ற ஆள்கள் எல்லாம் பங்களா கேட்கிறாங்க. உங்ககிட்ட இருக்கிறது லயத்துக் காம்பரா."

"காம்பராவுக்கு ஏத்த ஆளாப் பாரு" என்றார் கந்தப்பன். "ஆனா நான் பார்த்துத்தான் எடுப்பேன்."

அப்படித்தான் தொடங்கியது அந்த ஆள் எடுப்பு. மாசி முழுக்கவும் பங்குனி பாதியும், சந்தைக்கு வருகிற நாளெல்லாம் கந்தப்பன் கடைக்கு வந்துவிடுவார். முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் பேனை, ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். நேர்முகப் பரீட்சைக்கு வந்தவர்கள் அவரைக் கண்டு பயந்திருக்க வேண்டும்.

முதலில் பழைய ஆளையே திரும்பக் கூப்பிடலாமா என்று பார்த்தார்கள். "பெரும்பாலும் உள்ள இருக்கிறதத் தொடமாட்டார். ஆனா நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றான் ஜுனைதீன். சத்தியம் பண்ண முடியாத ஆள் வேண்டாம் என்று கந்தப்பன் தள்ளிவிட்டார். அடுத்தது எக்ஸ்பி. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அப்போது அதைத்தான் கேட்டார்கள். அது உட்கார இடமும் கேட்கும், உட்காருகிற இடத்தைத் துப்புரவாக்கவும் சொல்லும் என்று ஜுனைதீனே வேண்டாம் என்றுவிட்டான். பிறகு வெளிநாட்டிலிருந்து இலவசமாகத் தபாலில் வந்திருந்த உபுண்டு சீடி ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். அழகான ஆள், நாகரிகமான ஆள், ஆனால் அந்தச் சின்னக் காம்பராவுக்குள் நுழையவே முடியாமல் திணறியது. இரண்டு பேரும் வெளியே போய்த் தேத்தண்ணி குடித்து, ரோல்ஸ் தின்று, திரும்பி வந்தபோதும் திரையில் அதே வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"நல்ல பையன்தான்" என்றார் கந்தப்பன், "நம்ம எடத்துக்குத்தான் பத்தாது."

திவசம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் கந்தப்பன் கடைக்குள் காலை வைத்ததும் ஜுனைதீன் ஒரு சீடியைத் தூக்கிக் காட்டினான். கம்பியூட்டர் சஞ்சிகையோடு வந்ததாம். பெயர் பப்பி லினக்ஸ்.

"நாய்க்குட்டியா?" என்றார் கந்தப்பன், முகம் சுருங்கியது.

"பேரைப் பார்க்காதீங்க, கொணத்தைப் பாருங்க. சின்ன உருப்படி, கொஞ்சம் தீனி போதும். இவர் டிஸ்குக்குள்ள குடியேற மாட்டார். சீடியிலேயே இருந்துகொண்டு எல்லா வேலையும் பார்ப்பார். நீங்க சொன்னா மட்டும் உள்ள எட்டிப் பார்ப்பார். பெட்டிய நிப்பாட்டினா, அன்றைக்கு நடந்த எல்லாத்தையும் மறந்திட்டுப் போயிடுவார். அடுத்த நாள் புதுசா வருவார்."

"வீட்டுக்குள்ள வராதா?"

"வாசலோட நிற்பார்."

கந்தப்பன் கொஞ்ச நேரம் அந்தச் சீடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவந்தான் ஆள்" என்றார்.

ஜுனைதீன் செத்துப்போன இன்னொரு மெஷினிலிருந்து கொஞ்சம் மெமரியைக் கழற்றி இதில் போட்டான். சீடியை உள்ளே தள்ளினான். எழுத்துகள் ஓடின, திரை கறுத்தது, பிறகு நீல நிறத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அத்தோடு ஸ்பீக்கருக்குள்ளிருந்து ஒரு நாய் குரைத்தது. கடை வாசலில் படுத்திருந்த தெரு நாய் துள்ளி எழுந்து பதிலுக்குக் குரைத்தது. ஜுனைதீன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தான். கந்தப்பனும் சிரித்தார், ராசம்மா போன பிறகு வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

"கோலத்தை இப்பவே பார்ப்போமா?"

"இங்க வேணாம். வீட்டுல."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, ஜுனைதீன் தன்னுடைய த்ரீவீலரிலேயே பெட்டியையும் கந்தப்பனையும் ஏற்றிக்கொண்டு வந்தான். கந்தப்பன் வீட்டைக் கூட்டி வைத்திருந்தார். ஜன்னலோரம் அதே மேசை, அதே நாற்காலி. நாய் குரைத்தது. ஜுனைதீன் டிஸ்க்கைத் திறந்தான். உள்ளே ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தான். படம் என்று இருந்ததை எல்லாம் தேடினான். பிறகு மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"கிளாக்கர் ஐயா, ஒன்றுதான் இருக்கு."

"ஒரு வருஷத்துதா?"

"ஒரே ஒரு கோலம்."

கந்தப்பன் எழுந்துவிட்டார். அஞ்சு வருஷம் தம்பி, ஒரு நாள் விடாம, நான் பக்கத்துல இருந்து பார்த்தேன், நீ என்னமோ அழிச்சிட்ட என்று கத்தினார். ஜுனைதீன் பதிலுக்குக் கத்தவில்லை. மெதுவாக விளக்கினான். அந்தப் படத்துக்குப் பெயர்கூட இல்லை, பெட்டி தானாக வைத்த பெயர்தான். அம்மா ஒவ்வொரு நாளும் அதையே திறந்து, அதையே அழித்து, அதற்கு மேலேயே சேமித்திருக்கிறார். புதுக் கோலத்துக்குப் புதுப் பெயர் கொடுத்திருந்தால்தான் பழையது தங்கியிருக்கும்.

"யாரும் சொல்லிக் குடுக்கலியா?"

கந்தப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். சொல்லிக்கொடுத்தது யார்? செக்ரோல் புரோகிராம் எல்லாவற்றையும் தானாக வைத்துக்கொண்டது, அதனால் எல்லாப் பெட்டியும் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும் என்று நம்பியவர் அவர். அவளோ வாசலில் செய்ததைத்தான் இங்கேயும் செய்தாள். ஒரு வாசலுக்கு ஒரு கோலம். நேற்றையது இருந்தால் இன்றையதை எங்கே போடுவது? பத்திரமா வைக்கவா கோலம் போடுறோம் என்று அவள் சிரித்தது இப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

"தேதி பாருங்க" என்றான் ஜுனைதீன் தயக்கத்தோடு. "கடைசியா சேமிச்ச நாள்."

அவள் போன அன்று. அன்று காலை.

சாவு வீட்டில் கோலம் இருக்கக் கூடாது என்று அன்று பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் நாலு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். உள்ளே, மூடியிருந்த பெட்டிக்குள் ஒரு கோலம் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. யாரும் பெருக்காத கோலம் அது. ஜுனைதீன் அதைத் திறந்தான். விசேஷம் ஒன்றும் இல்லாத நாளுக்கான சின்னச் சிக்குக் கோலம், புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி ஒரே இழை. கந்தப்பன் அழுதார். அவன் இருக்கிறான் என்று பார்க்காமல், தோளில் கிடந்த துவாயில் முகத்தைப் புதைத்து, சத்தமாக அழுதார்.

ஜுனைதீன் வேறு பக்கம் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்த இடம் திரை. சும்மா இருக்கப் பழகாத அவன் கை மௌஸை நகர்த்தி, படத்தைச் சிறிதாக்கியது. முழுப் படமும் ஒரே பார்வைக்குள் வந்தது.

"கிளாக்கர் ஐயா, ஓரத்துல இது என்ன?"

கந்தப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். நடுவிலிருந்த கோலத்துக்கு அப்பால், வலது ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் சின்னச் சின்னதாக ஏதேதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பச்சை நிறத்தில் இரண்டு கீற்று. அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அது கரும்புத் தோகை, பொங்கலுக்குப் போட்டது. நல்ல நாளில் படத்தைப் பக்கத்துக்கு நகர்த்தி நகர்த்திப் போடுவாளே, அடுத்த நாள் பெருக்கும்போது கண் முன்னால் தெரிந்த இடத்தை மட்டும்தான் பெருக்கியிருக்கிறாள். ஓரங்களுக்கு அவளுடைய விளக்குமாறு போகவே இல்லை.

"இது தீபாவளி" என்றார் கந்தப்பன், விரலைத் திரையில் வைத்து. மஞ்சளில் ஒரு சுடர், விளக்கு இல்லாமல். "மொத தீபாவளி. அப்பத்தான் மஞ்சக் கலரு எப்பிடி எடுக்கிறதுன்னு கேட்டா." கீழே பூசணிப் பூவில் பாதி, மார்கழி மாதத்தது. அதற்குப் பக்கத்தில் யாருக்கும் புரியாத ஒரு நெளிவு. அதையும் அவர் அடையாளம் சொன்னார். விதுஷா கொழும்பிலிருந்து முதல் லீவில் வந்த அன்று போட்ட ரயில், அதன் புகை மட்டும் மிச்சம். வலது மூலையில் நீலமும் பச்சையுமாக மூன்று கண்கள்.

"மயிலு" என்றார்.

திவசத்துக்கு விதுஷா வந்தாள். ஐயர் போய், பந்தி முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு அப்பா அவளை மேசையடிக்குக் கூட்டிப் போனார். நாய் குரைத்ததும் அவள் திடுக்கிட்டாள். பிறகு அந்த மூலையைப் பார்த்ததும் அவளுக்குச் சொல்லவே தேவையிருக்கவில்லை.

"என் கல்யாண மயிலுப்பா. அன்னைக்குச் சோறு கூட அடிப்புடிச்சுதே" என்றாள்.

இரண்டு பேரும் அந்த ஓரங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை விதுஷா வாசல் தெளித்து, ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் கோலத்தைப் போட்டுவிட்டுக் கொழும்புக்குப் பஸ் ஏறினாள். அன்று பின்னேரம் எல்லப் பக்கமிருந்து வந்த மழை அதைக் கரைத்துக்கொண்டு போனது.

அடுத்த நாள் விடிந்ததும் கந்தப்பன் முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு, பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். அவளுடைய கோலத்தைத் திறந்தார். இழை எந்தப் புள்ளியில் புறப்பட்டு எங்கே திரும்புகிறது என்று விரலால் பின்தொடர்ந்து பார்த்தார். பிறகு அழிக்கிற கட்டத்தை எடுத்து, இடமிருந்து வலம், வலமிருந்து இடம் பெருக்கினார். புள்ளி வைத்தார். அவருடைய புள்ளிகளும் திசைக்கொன்றாக ஓடின. இழை நடுவழியில் வேறெங்கோ போய்விட்டது. அவள் இருந்திருந்தால் முகத்தைச் சுளித்திருப்பாள். பெட்டியை நிறுத்தும்போது, சேமிக்கவா என்று அது கேட்டது. வேண்டாம் என்று அமுக்கினார். மறுநாள் காலை திறந்தபோது அவர் போட்டது எதுவும் இல்லை, ராசம்மா போட்டது அப்படியே இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து ஜுனைதீன் ஒரு வேலையாக அந்தப் பக்கம் வந்தபோது எட்டிப் பார்த்தான். கிளாக்கர் ஐயா வாயை ஒரு பக்கம் கோணிக்கொண்டு ஒரு சுழியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இப்போது கோலம் ஓரளவு கோலமாகத்தான் இருந்தது.

"நல்லா வந்திருக்கே! வேற பேர்ல சேமிக்கக் காட்டித் தரட்டா? பழசும் இருக்கும், இதுவும் இருக்கும்."

"வேணாம் தம்பி" என்றார் கந்தப்பன். முறிந்த குடையைக்கூட வீசாத மனுஷன், கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார். "நாளைக்கு வாசல் வேணும்ல."

அவர் திரும்பவும் பெருக்க ஆரம்பித்தார். எதை அழித்தாலும் நாளைக்குத் திரும்பி வந்துவிடும், டிஸ்கில் ஒரு தூசிகூட அசையாது என்று ஜுனைதீன் எத்தனையோ தடவை சொல்லியிருந்தான். அவருக்கும் அது நன்றாகத் தெரியும். ஆனாலும் வலது மூலைக்கு வந்ததும் கந்தப்பனின் கை தானாக நின்றது. மயிலுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் இடம் விட்டு, சுற்றிக்கொண்டு போனார்.